பழைய பிக்கப்பின் பின் டிஃபரன்ஷியல் சத்தம் போடுகிறதா? திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பின்னாலிருந்து ஒரு ஊளைச் சத்தம் வருகிறது. 50-ல் மெதுவாக ஆரம்பிக்கிறது, 70-ல் பேச்சையே மறைக்கிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேறு மாதிரி ஆகிறது. பழைய பிக்கப் வைத்திருக்கும் யாரிடம் சொன்னாலும் உடனே வரும் பதில், "கிரவுன் பினியன் போச்சு." எஞ்சின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடிதான் கிரவுனும் பினியனும். பல நேரம் அது போயிருக்காது. தேய்ந்த டயர், வீல் பேரிங், கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சென்டர் பேரிங் எல்லாமே டிஃபரன்ஷியல் மாதிரியே கத்தும். ஆக்ஸில் வெற்றுக் குழாய் என்பதால் ஒரு முனையில் எழும் சத்தம் நடுவிலிருந்து வருவது போலவே கேட்கும்.

கிரவுனும் பினியனும் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று ஓடி, பல்லுக்குப் பல் பழகியிருக்கும். காரணம் இல்லாமல் பிரித்து மாட்டினால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். அதுவரை சத்தமே இல்லாமல் ஓடிய கிரவுன், பிரித்து மாட்டிய பிறகு ஊளையிட ஆரம்பிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முதலில் காது, பிறகு கை, அப்புறம் ஆயில். ஸ்பானர் கடைசியில்தான்.

உள்ளே என்ன இருக்கிறது

ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பினியனைச் சுற்றுகிறது, பினியன் கிரவுனைச் சுற்றுகிறது. பினியனில் 10 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 4.10. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஷாஃப்ட் நான்கு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றும். இந்த எண்ணை மனதில் வையுங்கள், சத்தத்தைப் பிரித்தறிய இதுதான் உதவப் போகிறது.

கிரவுன் ஒரு கூண்டின் மீது போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். அந்தக் கூண்டுக்குள் ஸ்டார் பினியன்கள், சன் கியர்கள் என்ற சிறிய பற்சக்கரங்கள் இருக்கும். நேராகப் போகும்போது இவை தங்கள் அச்சில் சுற்றாமல் கூண்டோடு சேர்ந்து வரும். வண்டி திரும்பும்போது மட்டும்தான் தனியாகச் சுற்றும். பேரிங் கணக்கு: பினியனில் இரண்டு, கூண்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று, பெரும்பாலான சிறிய பிக்கப்களில் சக்கரத்துக்கு ஒன்று. ஆக ஆறு.

முதல் படி: சந்தேகத்தைக் குறைப்பது

டயரில் ஆரம்பியுங்கள். எனக்கு வேலை கற்றுக் கொடுத்த பெரியவர், ஊளைச் சத்தம் என்று எந்த வண்டி வந்தாலும், "தம்பி, மொதல்ல டயரத் தடவிப் பாரு" என்பார். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்னும் பின்னும் இழுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டும், எதிர்த்திசையில் ரம்பம் போல உறுத்திக்கொண்டும் இருந்தால் டயர் படிக்கட்டாகத் தேய்ந்திருக்கிறது. அந்த டயர் கிரவுன் போலவே கத்தும். சந்தேகம் தீர, முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தம் இடம் மாறினாலோ குணம் மாறினாலோ டிஃபரன்ஷியலை மறந்துவிடலாம்.

அடுத்து ஓட்டிக் கேட்கும் சோதனை. ஆயில் சூடேற 20 கி.மீ. ஓட்டிவிட்டு, நேரான, போக்குவரத்து இல்லாத சாலைக்குப் போங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் அணையுங்கள். உடன் ஒருவர் இருந்தால் அவர் பின்பக்கம் காது வைக்கட்டும்.

சத்தம் வரும் வேகத்தில் நான்கு விதமாக ஓட்டிப் பாருங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தி வேகம் ஏற்றுவது ஒன்று. வேகம் கூடாமலும் குறையாமலும் காலை லேசாக வைத்து ஓட்டுவது இரண்டு. கியரிலேயே விட்டுக் காலை எடுத்து வேகம் இறங்க விடுவது மூன்று. நியூட்ரலில் போட்டு உருள விடுவது நான்கு. நியூட்ரலில் உருளும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி நின்றுபோகும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இந்த நான்கிலும் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் டயர் அல்லது வீல் பேரிங். சாலையின் தளம் மாறும்போது சத்தமும் மாறினால் உறுதியாக டயர். ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் அசைக்கும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் வீல் பேரிங். பாரம் எந்தச் சக்கரத்தின் மேல் விழும்போது கூடுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

ஆக்சிலேட்டருக்கு ஏற்ப மாறினால் டிஃபரன்ஷியல் மேல் சந்தேகம் கூடுகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்து இழுக்கும்போது மட்டும் ஊளை என்றால் பற்களின் முன்னோட்டப் பக்கம், அதாவது வண்டியை முன்னே தள்ளும் பக்கம், தேய்ந்திருக்கலாம், அல்லது பினியன் கிரவுனை நோக்கி உட்கார வேண்டிய ஆழம் தவறியிருக்கலாம். காலை எடுக்கும்போது மட்டும் வந்தால் பினியன் நட் தளர்ந்திருக்கிறதா, முன் பினியன் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வேகத்திலும் இழுத்தாலும் விட்டாலும் கரகரவென்று இருந்தால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பேரிங்.

நேராகப் போகும்போது அமைதி, மெதுவாக வளைத்துத் திருப்பும்போது மட்டும் சத்தம் என்றால் ஸ்டார் பினியன் பக்கம் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியலாக இருந்தால் திருப்பத்தில் டர்ர்ர் என்று அதிர்வது வேறு விஷயம். அதற்குரிய உராய்வு மருந்து ஆயிலில் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். சரியான ஆயிலை ஊற்றி, காலி இடத்தில் எட்டுப் போடுவது போலப் பத்துத் தடவை மெதுவாகச் சுற்றினால் பல நேரம் அடங்கிவிடும்.

ஊளையா, கரகரப்பா: எண்ணிப் பார்க்கலாம்

இதைப் பலர் செய்வதில்லை. ஆனால் இது அருமையான சோதனை, செலவும் கிடையாது.

டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 7.6 சுற்று சுற்றும். கிரவுனில் 41 பல் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 310 பல் உரசும். 310 ஹெர்ட்ஸ் என்பது ஒருவர் வாய்விட்டுப் பாடும் சுருதி. அதனால்தான் பற்களிலிருந்து வரும் சத்தம் ஒரே சுரமாக, வேகம் கூடக்கூட ஏறிக்கொண்டே போகும் பாட்டு போல இருக்கிறது. பேரிங் சத்தத்துக்கு அப்படிச் சுரம் கிடையாது. சரளைக் கல்லை டின்னில் போட்டு உருட்டுவது மாதிரி கரகரக்கும். போனில் ஒலி அலைவரிசை காட்டும் செயலி இருந்தால், உங்கள் டயர், உங்கள் பல் எண்ணிக்கைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கில் வந்த எண்ணில் ஒரு கூர்மையான முனை தெரிந்து, அது வேகத்தோடு நகர்ந்தால் சத்தம் பல்லிலிருந்து வருகிறது.

'டிக்... டிக்...' என்று தட்டும் சத்தமாக இருந்தால் வேகத்தை 10 கி.மீ.க்குக் குறைத்து எண்ணுங்கள். சக்கரம் அந்த வேகத்தில் நொடிக்கு ஒன்றேகால் சுற்று, ஷாஃப்ட் ஐந்து சுற்று. நிதானமாக எண்ண முடிகிற தட்டல் என்றால் சக்கர வேகம்: கிரவுனில் உடைந்த பல், டிரம், அல்லது டயரில் மாட்டிய கல். எண்ண முடியாதபடி படபடவென்று வந்தால் ஷாஃப்ட் வேகம்: ஷாஃப்ட்டின் மூட்டான யூ-ஜாயின்ட்டின் கிராஸ் அல்லது பினியன் பல்.

இரண்டாம் படி: வண்டிக்குக் கீழே

சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் குழாயின் இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு அது வண்டியைப் பிடித்து நிறுத்தாது, கட்டைதான் நிறுத்தும்.

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றொரு கையை ஸ்பிரிங் பட்டை மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதுக்கு முன்னே பட்டையில் தெரியும். அப்புறம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். உள்ளே வெளியே மிகச் சிறிதளவு நகர்வது, ஷாஃப்ட்டின் உள்முனையை சி வடிவ கிளிப் பிடித்திருக்கும் ஆக்ஸில்களில் இயல்புதான். மேலும் கீழும் ஆடினால் பேரிங் போய்விட்டது. சி கிளிப் வகையில் இந்த ஆட்டத்தோடு ஓட்டவே கூடாது. ஆக்ஸில் ஷாஃப்ட் உடைந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடும்.

இனி ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். கியர் போட்டால் 'டொக்', ரிவர்ஸ் போட்டால் 'டொக்' என்ற புகாருக்கு விடை இங்கேதான் கிடைக்கும். யூ-ஜாயின்ட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கை வைத்து எதிரெதிராகத் திருகுங்கள். இரண்டுக்கும் நடுவே இம்மியும் ஆட்டம் இருக்கக் கூடாது. மூடிகளின் ஓரத்தில் செந்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றித் துருப்பிடித்துவிட்டது. சென்டர் பேரிங்கின் ரப்பரையும், ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட் இறுக்கத்தையும் பாருங்கள். டொக் சத்தத்துக்காகக் கிரவுன் மாற்றிய பிறகு, கடைசியில் யூ-போல்ட் தளர்ந்திருந்தது தெரிய வருவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அடுத்து பினியன் ஃபிளேஞ்ச், அதாவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் பினியனோடு சேரும் தட்டு. அதை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும், உள்ளும் வெளியும் தள்ளி இழுங்கள். திருகும்போது கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு, பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி வேண்டும். ஆனால் மேலும் கீழுமோ உள்ளும் வெளியுமோ அசைந்தால் பினியன் பேரிங் தேய்ந்திருக்கிறது அல்லது நட் தளர்ந்திருக்கிறது. இந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். பினியன் நகர நகரப் பற்கள் உரச வேண்டிய இடத்தில் உரசாது. இரண்டு பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய வேலை கிரவுன் பினியன் மாற்றுவதில் போய் நிற்கும்.

தளர்ந்த நட்டைப் பார்த்ததும் இறுக்கத் தோன்றும். கை வைக்காதீர்கள். பல ஆக்ஸில்களில் இரு பேரிங்குக்கும் நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். நட் இறுக இறுக அது நசுங்கி, பேரிங் மேல் விழும் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். ஒரு பிக்கப் என்னிடம் உறுமலோடு வந்தது. ஒரு மாதம் முன்பு வேறொரு பட்டறையில் பினியன் ஆயில் சீல் மாற்றியிருந்தார்கள். ஏர் கன் வைத்து நட்டை முட்டும்வரை இறுக்கியிருந்தார்கள். கழற்றி, முன் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். உருளைகள் மயில் கழுத்து போல நீலம் பூத்திருந்தன. ஓட்டப் பாதையில் அரிசி அளவுக்கு இரும்பு பெயர்ந்து வந்திருந்தது. சீல் மாற்றுவதானால் கழற்றும் முன் நட், பினியன், ஃபிளேஞ்ச் மூன்றுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, பினியன் சுழல எவ்வளவு முறுக்கு தேவைப்படுகிறது என்று அளந்து வைத்துக்கொண்டு, திரும்பப் பூட்டும்போது அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை எஞ்சினால் ஓட்டிக் கேட்பதும் உண்டு. இரண்டு பின் சக்கரமும் தரையிலிருந்து விலகி இருந்தால் மட்டும் செய்யுங்கள். லிமிடெட் ஸ்லிப் வண்டியில் ஒரு சக்கரம் தரையில் பட்டாலும் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும். ஒருவர் உள்ளே பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்திருக்க, மற்றவர் மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப்பைப் பினியன் மூக்கு, கூண்டின் இரு பக்கம், ஆக்ஸில் முனைகள் என்று வைத்துக் கேட்கலாம். சுழலும் எதன் அருகிலும் சட்டைக் கையோ துணியோ போகக் கூடாது.

மூன்றாம் படி: ஆயில் சொல்லும் கதை

முதலில் வெளியே பாருங்கள். பினியன் சீல், பின் மூடி, டிரம் உள்பக்கம் ஆகிய இடங்களில் ஈரம் இருக்கிறதா? டிரம் பக்கம் ஒழுகுவது கியர் ஆயிலா பிரேக் ஆயிலா என்று முகர்ந்தாலே தெரியும், கியர் ஆயிலுக்குக் கந்தக நெடி உண்டு. பிரேக் ஷூவில் அது ஊறியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். சீல் மாற்றும் முன் ஆக்ஸில் மேலே இருக்கும் ப்ரீதரை ஊதிப் பாருங்கள். அது சேற்றில் அடைத்திருந்தால், சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் நல்ல சீலைக்கூடத் தள்ளிக்கொண்டு ஆயில் ஒழுகும்.

அப்புறம் ஆயில் ஊற்றும் துளையின் பிளக். வடிக்கும் பிளக்குக்கு முன் இதைத்தான் கழற்ற வேண்டும். பழைய வண்டியில் இது துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆயிலை வடித்துவிட்டு, ஊற்ற வழியில்லாமல் நிற்காதீர்கள். வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஆயில் பெரும்பாலும் அந்தத் துளையின் கீழ் விளிம்புவரை இருக்க வேண்டும். விரல் விட்டுத் தொட முடியவில்லை என்றால் ஆயில் குறைவு, சத்தத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆயிலை அகலமான தட்டில் வடியுங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்து, கருகிய நெடி வந்தால் உள்ளே அதிகம் சூடாகியிருக்கிறது. பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேயுங்கள். கண்மை போல வழவழவென்று இழைந்தால் கவலை இல்லை, அது பல வருடத்துத் தேய்மானம். நெருடினால் கவனம் வேண்டும். மீதி ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டி, துணியை வெயிலில் விரியுங்கள். ஒரு பக்கம் பளபளக்கும் மெல்லிய செதில்கள் பேரிங்கிலிருந்து வந்தவை. தடித்த, உடைந்த முகம் சர்க்கரை போல மணிமணியாகத் தெரியும் துண்டு பல்லின் துண்டு. அது கிடைத்தால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். இன்னொரு துண்டு கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே மாட்டினால் பின் சக்கரம் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும்.

ஆயில் சுத்தம், ஆட்டம் இல்லை, வெறும் ஊளை மட்டும், அதுவும் வருடக்கணக்காகக் கூடாமல் இருக்கிறது என்றால் என் யோசனை: ஜிஎல்-5 தரத்தில், கையேட்டில் சொன்ன தடிமனில் புது ஆயில் ஊற்றி ஓட்டுங்கள். தேய்ந்த பழைய பற்களை நகர்த்தி ஊளையைக் குறைக்க முயன்றால் பெரும்பாலும் ஊளை கூடத்தான் செய்யும். புதிதாக வந்த கரகரப்பை மட்டும் அப்படி விட்டுவைக்கக் கூடாது.

நான்காம் படி: திறப்பது

பின்னால் போல்ட் போட்ட மூடி இருந்தால் கழற்றினாலே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சில பிக்கப்களில் பின்பக்கம் மூடியே இருக்காது. அவற்றில் ஆக்ஸில் ஷாஃப்ட்களை உருவி, டிஃபரன்ஷியலை மொத்தமாக முன்பக்கமாக இறக்க வேண்டும். எடை அதிகம், ஒரு ஆளாகச் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு பல்லாகத் துடைத்து, சக்கரத்தைச் சுற்றியபடி பாருங்கள். கிரவுன் பல்லின் குவிந்த பக்கம் முன்னோட்டப் பக்கம், குழிந்த பக்கம் வேகம் இறங்கும்போது பாரம் தாங்கும் பக்கம். ஓட்டிப் பார்த்ததில் காது சொன்னதும் இங்கே கண்ணில் படுவதும் ஒத்துப்போக வேண்டும். கூண்டின் அடியில் நெம்புகோல் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள், அசைந்தால் பக்கவாட்டுப் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்டார் பினியன்களைத் தாங்கும் ஊசி ஷாஃப்ட் தன் துளையில் ஆடுகிறதா, சன் கியருக்குப் பின்னால் உள்ள வாஷர் மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். டொக் சத்தத்துக்கு இங்கும் காரணம் இருக்கலாம்.

நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை கிரவுன் பல்லில் செங்குத்தாக வைத்து, பினியனை அசையாமல் பிடித்து, கிரவுனை ஆட்டி இடைவெளியை அளங்கள். பல பிக்கப்களில் 0.13 முதல் 0.20 மி.மீ.க்குள் இருக்கும், உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. நான்கு இடத்தில் அளங்கள். இடத்துக்கு இடம் 0.05 மி.மீ.க்கு மேல் மாறினால் கிரவுன் கோணலாக ஓடுகிறது.

பிறகு சில பற்களில் குறியிடும் மையைத் தடவி, கிரவுனைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தியபடி பினியனால் சுற்றுங்கள். புதுப் பற்களில் தடம் பல்லின் உச்சிக்கும் அடிக்கும் நடுவே விழ வேண்டும். உச்சியோரம் விழுந்தால் பினியன் கிரவுனிலிருந்து தள்ளி நிற்கிறது, அடியில் விழுந்தால் அதிகம் உள்ளே போயிருக்கிறது. இதை ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டை மாற்றித்தான் சரி செய்ய முடியும். கூண்டைக் கழற்றுவதானால் பேரிங் மூடிகளில் இடம், வலம், மேல், கீழ் என்று பஞ்ச் அடித்துக் குறியிடுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை, மாறினால் பேரிங் உட்காராது. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே செய்யப்பட்டவை. ஒன்றில் மட்டும் பல் போயிருந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும்.

ஷிம் வைப்பதும் பேரிங் அழுத்தம் அளப்பதும் உங்களிடம் கருவி இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் இங்கே நிறுத்தி, இதுவரை கண்டதையெல்லாம் தாளில் எழுதி, வடிகட்டிய துணியோடு டிஃபரன்ஷியல் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். 'சத்தம் வருது' என்று மட்டும் சொல்வதைவிட, 'காலை எடுத்தால் கரகரக்கிறது, ஃபிளேஞ்ச் மேலும் கீழும் ஆடுகிறது' என்று சொன்னால் அவர் எங்கே கை வைப்பது என்று தேட வேண்டியிருக்காது.

புதுக் கிரவுன் பினியன் போட்டிருந்தால் முதல் ஓட்டம் 25, 30 கி.மீ. மட்டும், நிதானமாக. ஓட்டி முடித்து ஆக்ஸில் முழுக்க ஆறும்வரை விடுங்கள். புதுப் பற்கள் அந்த முதல் ஓட்டத்தில் மிகவும் சூடாகும். இப்படி இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 800 கி.மீ. வரை அதிக பாரமோ ட்ரெய்லரோ வேண்டாம். 800 ஆனதும் ஆயிலை வடித்து, காந்தத்தைத் துடைத்துவிட்டு, புது ஆயில் ஊற்றுங்கள். அப்போதும் அந்த வெள்ளைத் துணியை ஒரு முறை வெயிலில் விரித்துப் பாருங்கள்.